ஆயுதம் ஏந்தியவரோடு பேசலாமா?



அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும் உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பார்ந்த பெற்றோர்களே, இளைஞர்களே!

சில வாரங்களுக்கு முன்னர் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலின் படியில் நின்றுகொண்டிருந்தேன். உயர்தரம் கற்கும் மாணவர் ஒருவர் அருகில் வந்து, "ஹஸரத், மார்க்கத்தின் பெயரால் ஆயுதம் தூக்கியவர்களோடு பேசிச் சமாதானம் காண முடியுமா? இல்லாவிட்டால் அடித்து ஒழிப்பதுதான் வழியா?" என்று கேட்டார். பின்னால் நின்ற தந்தையின் முகம் மாறிவிட்டது. "இதெல்லாம் பள்ளியில் கேட்கிற கேள்வியா மகன்? வாங்க போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

அந்தத் தந்தையின் அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். 2019ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்நாட்டு முஸ்லிம் பெற்றோர் அனைவரினதும் உள்ளத்தில் அந்த அச்சம் குடிகொண்டிருக்கிறது. ஆயினும், அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நாம் விடை சொல்லாவிட்டால் அவன் கையிலுள்ள தொலைபேசியில் வேறொருவர் விடை சொல்வார். ஆதலால் அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் சேர்த்தே இன்றைய உரையை அமைத்துக்கொள்கிறேன்.

இப்னு அப்பாஸ் (ரழி) சென்ற பாதை

இக்கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. இஸ்லாமிய வரலாற்றின் முதல் நூற்றாண்டிலேயே அது எழுந்தது. ஹிஜ்ரி 37இல் ஸிஃப்பீன் போரின் முடிவில், இரு தரப்பினரும் நடுவர்களை நியமித்துப் பிணக்கைத் தீர்ப்பதென உடன்பட்டனர். அலீ (ரழி) அவர்களின் படையிலிருந்த ஆயிரக்கணக்கானோர் இதனை ஏற்க மறுத்துப் பிரிந்து, ஹரூரா என்னுமிடத்தில் ஒன்றுகூடினர். இவர்களையே நாம் கவாரிஜ்கள் என்கிறோம். இவர்கள் மார்க்கம் அறியாத வீணர்களல்லர். இரவெல்லாம் நின்று வணங்குபவர்கள். ஸுஜூதின் தழும்பை நெற்றியில் சுமந்தவர்கள். குர்ஆனை ஓயாது ஓதுபவர்கள். ஆயினும் தம்மோடு உடன்படாத முஸ்லிமைக் காஃபிர் என்றனர்.

அலீ (ரழி) அவர்கள் கலீஃபா. படை அவர்கள் வசம் இருந்தது. இருந்தும் அன்னார் முதலில் படையை அனுப்பவில்லை. அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களையே அனுப்பினார்கள். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் தன்னந்தனியே, அழகிய யமன் தேசத்து ஆடை அணிந்து அவர்களிடம் சென்றார்கள். சென்றவுடன் அவர்கள் ஆடையைக் குறைகண்டனர். சிலர், இவரோடு பேசாதீர்கள் என்றனர். அன்னார் கோபிக்கவில்லை. உங்கள் குறைகள் யாவை என்று கேட்டார்கள். அவர்கள் மூன்றைக் கூறினர்: அல்லாஹ்வின் விடயத்தில் மனிதர்களை நடுவராக்கியது; போரிட்டும் கைதிகளையும் பொருள்களையும் எடுக்காதது; உடன்படிக்கையில் 'அமீருல் முஃமினீன்' என்ற பட்டத்தை அழிக்க இணங்கியது. இவை தவிர வேறு உண்டா என்று மீண்டும் கேட்டார்கள். இல்லை என்றனர். அதன் பின்னரே பதில் கூறத் தொடங்கினார்கள்.

அன்பர்களே! இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் சென்றார்கள், அடுத்துக் கேட்டார்கள், முழுவதையும் கேட்டு முடித்த பின்னரே பேசினார்கள். அவர்கள் எந்தக் குர்ஆனை ஆதாரமாகக் கொண்டார்களோ அதே குர்ஆனிலிருந்து விடை கொடுத்தார்கள். கணவன் மனைவி பிணக்கிற்கே நடுவரை நியமிக்க அல்லாஹ் கட்டளையிட்டிருக்க, முஸ்லிம்களின் உயிரைக் காக்க நடுவரை நியமிப்பது எவ்வாறு தவறாகும் என்று வினவினார்கள். பட்டத்தை அழித்த விடயத்திற்கு ஹுதைபிய்யாவையே சான்றாக எடுத்துக் காட்டினார்கள்.

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என எழுதியதைக் குறைஷிகளின் தூதுவர் ஸுஹைல் ஏற்க மறுத்தார். நபி (ஸல்) அவர்கள் அச்சொல்லை அழித்துத் தமது பெயரையும் தந்தையின் பெயரையும் மட்டும் எழுதச் செய்தார்கள். உம்ரா செய்யாமலேயே திரும்பவும் இணங்கினார்கள். உமர் (ரழி) போன்ற பெரும் தோழர்களுக்கே அது தாங்க முடியாததாக இருந்தது. எவரும் பலிப்பிராணியை அறுக்க எழாத அந்த வேளையில், நீங்கள் முதலில் செய்து காட்டுங்கள், அவர்கள் பின்தொடர்வார்கள் என்று ஆலோசனை கூறியவர் அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள். அன்று சுமார் 1,400 பேருடன் திரும்பிய நபி (ஸல்) அவர்கள், இரண்டே ஆண்டுகளில் 10,000 பேருடன் மக்காவில் நுழைந்தார்கள். வாள் சாதிக்காததை அந்த உடன்படிக்கை சாதித்தது.

இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் பதிலைக் கேட்டுக் கவாரிஜ்களுள் பெருந்தொகையினர் மனம் திரும்பினர். இரண்டாயிரம் பேர் என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. எஞ்சியோரையும் அலீ (ரழி) அவர்கள் உடனே தாக்கவில்லை. பள்ளிவாசலில் தொழுவதைத் தடுக்கமாட்டோம், பொதுநிதியில் உங்கள் பங்கை நிறுத்தமாட்டோம், நீங்கள் தொடங்காதவரை நாம் போர் தொடங்கமாட்டோம் என்று வாக்களித்தார்கள். அவர்கள் அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும் அவரது கர்ப்பிணி மனைவியையும் கொலை செய்த பின்னரே, கொலையாளிகளை ஒப்படைக்குமாறு கேட்டு, அதுவும் மறுக்கப்பட்ட பின்னரே, நஹ்ரவானில் போர் நடந்தது. இறுதியில் ஹிஜ்ரி 40இல் அவர்களுள் ஒருவனே அலீ (ரழி) அவர்களை வெட்டினான்.

ஆகவே, பேசினால் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று வரலாறு சொல்லவில்லை. பேசியதால் ஆயிரக்கணக்கானோர் திரும்பினார்கள் என்றே சொல்கிறது. அந்த ஆயிரக்கணக்கானோருள் ஒருவர் நமது மகனாக இருக்கலாமல்லவா?

ஒரே மண்ணில் இரு கூட்டங்கள்

இது ஸஹாபாக்களின் காலத்துக்கு மட்டும் உரியது என்று எவரேனும் கூறினால், பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கிலுள்ள மிந்தனாவோ தீவைப் பாருங்கள்.

அங்கு வாழும் மோரோ முஸ்லிம்கள் தமது நிலத்தையும் உரிமையையும் இழந்து, 1970களில் ஆயுதம் ஏந்தினர். இஸ்லாமிய நாடுகளின் முயற்சியால் 1976இல் லிபியாவின் திரிப்போலியில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது, அது நிலைக்கவில்லை. பின்னர் அல்-அஸ்ஹரில் கற்ற ஸலாமத் ஹாஷிம் என்பவரின் தலைமையில் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி பிரிந்து உருவானது. இம்முன்னணியோடு 1997இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. 2000இல் அரசாங்கம் முழுப் போர் தொடுத்தது. 2008இல் உடன்பாடு கைகூடும் வேளையில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. மீண்டும் போர் மூண்டது. மலேசியா நடுநின்று இரு தரப்பையும் திரும்பத் திரும்ப ஒரே மேசைக்கு அழைத்து வந்தது. 2014 மார்ச் 27இல் முழுமையான உடன்படிக்கை கைச்சாத்தானது. பதினேழு ஆண்டுகள்! அதற்கு மறுவருடமே மமசபானோ என்னுமிடத்தில் நடந்த மோதலில் 44 பொலிஸ் அதிரடிப்படையினர் இறந்தனர். அப்போதும் இரு தரப்பும் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. 2018இல் சட்டம் நிறைவேறியது. 2019 ஜனவரியில் மக்கள் வாக்களித்து பங்ஸமோரோ தன்னாட்சிப் பிரதேசத்தை ஏற்றனர். காட்டில் துப்பாக்கி ஏந்திய முராத் இப்ராஹீம் அதன் இடைக்கால முதலமைச்சரானார். பல்லாயிரம் போராளிகள் கட்டங்கட்டமாக ஆயுதத்தைக் கீழே வைத்தனர். தாமதங்களும் மனக்கசப்புகளும் இல்லாமலில்லை. ஆயினும், ஒரு இலட்சத்துக்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் ஒரு யுத்தம் அங்கு ஓய்ந்தது.

அதே மண்ணில் மற்றொரு கூட்டமும் இருந்தது. 'இஸ்லாமிய அரசு' என்று தன்னை அழைத்துக்கொண்ட ஐ.எஸ். இயக்கத்துக்கு பைஅத் செய்த மௌதே குழுவினரும் அவர்களது கூட்டாளிகளும் 2017 மே மாதத்தில் மராவி நகரைக் கைப்பற்றினர். ஐந்து மாதச் சண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், இலட்சக்கணக்கானோர் அகதிகளாயினர், பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களின் புகழ்பெற்ற அந்நகரின் மத்திய பகுதி இடிந்த சுவர்களாயிற்று. யாருடைய வீடுகள் அவை? முஸ்லிம்களுடைய வீடுகள்! அப்போது சிக்குண்ட பொதுமக்கள் வெளியேறுவதற்குப் பாதை அமைக்க அரசாங்கத்தோடு சேர்ந்து உழைத்தவர்கள், முன்னர் அரசாங்கத்தோடு போரிட்ட அதே மோரோ முன்னணியினரே.

இந்த இரு கூட்டங்களுக்குமிடையே உள்ள வேறுபாட்டைச் சற்றுச் சிந்தியுங்கள். முதலாவது கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை இருந்தது; ஒரு நிலம் இருந்தது; பதில் சொல்லவேண்டிய ஒரு மக்கள் இருந்தனர். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்வதற்கு அவர்களிடம் விடை இருந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு அழிவே நோக்கமாக இருந்தது. கொடுத்து முடிக்கக்கூடிய கோரிக்கை எதுவும் அவர்களிடம் இல்லை. முன்னவரோடு அரசாங்கங்கள் பேசலாம், பேச வேண்டும். பின்னவர்கள் ஆயுதத்தைத் தூக்கிய பின்னர் சட்டம் தனது கடமையைச் செய்தே தீரும். ஆனால், அந்தக் கூட்டத்தை நோக்கி நடக்கத் தொடங்கிய, இன்னும் சென்று சேராத இளைஞனோடு பேச வேண்டியவர் யார்? அரசாங்கமா? இல்லை. அவனுடைய வாப்பாவும் உம்மாவும் உஸ்தாதுமே.

சுனாமி கற்பித்த பாடம்

பேசுவதற்குரிய காலத்தைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நமது நாடே சாட்சி. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தையும் நமது கிழக்கு, தெற்குக் கரைகளையும் ஒரே நாளில் தாக்கியது. அச்சேயிலும் சுமார் முப்பது ஆண்டுகளாக ஆயுதப் போராட்டம் நடந்து வந்தது. அங்கு இரு தரப்பினரும் பேரழிவின் முன் தலைகுனிந்து, பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரியின் நடுநிலையில் பேசி, 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் ஒப்பமிட்டனர். போராளிகள் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு 840 ஆயுதங்களை ஒப்படைத்தனர். அரசாங்கம் தன்னாட்சி வழங்கி, படையினரைத் திருப்பி அழைத்தது.

நமது நாட்டில் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பு ஒன்று அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே கைச்சாத்தானது. கரையோரத்தில் பேரிழப்பைச் சந்தித்த முஸ்லிம்கள் அதில் ஒப்பமிடும் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. மறுமாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. அடுத்த ஆண்டில் மீண்டும் போர் மூண்டது. 2009 மே மாதத்தில் அது முடிந்தபோது சிந்தியிருந்த இரத்தத்தை நாம் அறிவோம். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஆகஸ்ட் 3இல் தொழுதுகொண்டிருந்தோரை இழந்தவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களுமான நமக்கு ஆயுதத்தின் கொடுமையை எவரும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கொடுமையை அனுபவித்த சமூகத்திலிருந்தே மற்றொரு கொடுமை புறப்பட்டதுதான் நமது பெருந்துயரம்.

2019: நாம் செய்ததும் செய்யாததும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தேவாலயங்களில் வணங்கிக்கொண்டிருந்தவர்களும், கொழும்பின் ஹோட்டல்களில் தங்கியிருந்தவர்களுமாக 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். குழந்தைகள் எத்தனை! குண்டைச் சுமந்தவர்கள் ஸஹ்ரானும் அவனது கூட்டாளிகளும். அவர்களுள் வறுமையால் வழிதவறியவர்கள் என்று சொல்ல முடியாத, செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர்.

நமது சமூகம் செய்த நன்மைகளையும் நீதியோடு சொல்ல வேண்டும். 2017 மார்ச் மாதத்தில் காத்தான்குடியில் ஸஹ்ரானின் ஆட்கள் மோதலில் இறங்குமுன்பே அவனைப் பற்றி முறையிட்டவர்கள் முஸ்லிம்களே. தாக்குதலுக்குப் பின்னர் சாய்ந்தமருதில் மறைந்திருந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களும் முஸ்லிம்களே. குண்டுதாரிகளின் ஜனாஸாக்களை ஏற்கமாட்டோம் என்று உலமா சபை அறிவித்தது. முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கைகளைப் பொறுப்பானவர்கள் பொருட்படுத்தவில்லை என்பதை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்பில் கூறி, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோரை நட்டஈடு செலுத்தப் பணித்தது.

இவையெல்லாம் உண்மை. ஆனால், பொலிஸுக்கு அறிவித்த நாம், அவனது பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களிடம் சென்றோமா? 2014இல் அளுத்கமையும் 2018இல் திகனையும் எரிந்தபோது அந்த இளைஞர்களின் நெஞ்சில் மூண்ட கோபத்தைக் கேட்டறிந்தோமா? நாம் மேடைக்கு மேடை ஒலிபெருக்கி வைத்து ஒருவரையொருவர் வழிகேடர் என்றோம். அது இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் வழியன்று.

நானும் இக்குற்றத்தில் பங்காளன் என்பதை மறைக்கமாட்டேன். 2016ஆம் ஆண்டு, அரபுக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியேறிய புதிது. அவ்வாண்டின் இறுதியில், இந்நாட்டிலிருந்து 32 பேர் ஐ.எஸ். இயக்கத்தில் சேர்ந்துள்ளதாக அப்போதைய நீதி அமைச்சர் பாராளுமன்றத்தில் கூறினார். அந்நாட்களில் கடை வைத்திருந்த ஒரு சகோதரர் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். மகன் இரவு முழுவதும் தொலைபேசியில் சிரியாவைப் பற்றிய பயான்களைக் கேட்பதாகவும், தாயின் தொழுகையைக்கூடக் குறைகூறுவதாகவும் சொல்லி அழுதார். நான் அந்தப் பிள்ளையை அமரக்கூடச் சொல்லவில்லை. கால்மணி நேரம் கண்டித்தேன். இது கவாரிஜ்களின் கொள்கை, தௌபா செய் என்றேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுவிட்டுப் போனான். அதன் பின்னர் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

2019இல் ஊரடங்குச் சட்டம் தளர்ந்த ஒரு நாள் அவனே என்னைத் தேடி வந்தான். அல்லாஹ்வின் அருளால் அவன் எந்தக் கூட்டத்திலும் சேர்ந்திருக்கவில்லை. தேவாலயத்தில் இறந்த சிறுவர்களின் படங்களைப் பார்த்து நடுங்கிப் போயிருந்தான். "ஹஸரத், அன்றைக்கு நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வந்தேன். நீங்கள் கேட்கவிடவில்லை. நான் கேட்டிருந்தால் மூன்று வருடம் இப்படி அலைந்திருக்கமாட்டேன்" என்றான். அவனைத் திருப்பியது நானல்ல; என் கண்டிப்புமல்ல. இரவில் அவன் எந்நேரம் வந்தாலும் சோற்றை மூடிவைத்துக் காத்திருந்த அவனது உம்மாதான் காரணம் என்று அவனே சொன்னான். அன்று முதல் எவர் என்ன கேள்வி கேட்டாலும் முதலில் அமரச் சொல்கிறேன்.

பிந்துனுவெவ நமக்குச் சொல்வது

திரும்பி வந்தவனை என்ன செய்வது என்ற கேள்விக்கும் நமது ஊரின் அருகிலேயே கசப்பான பாடம் ஒன்று உண்டு. நமது பண்டாரவளை நகருக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவயில் ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. விடுதலைப் புலிகளோடு தொடர்புடையவர்கள் எனப்பட்ட தமிழ் இளைஞர்கள் அங்கு தங்கவைக்கப்பட்டிருந்தனர். சரணடைந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். 2000 ஒக்டோபர் 25 காலையில் பெருங்கூட்டம் ஒன்று முகாமுக்குள் புகுந்து, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. வழக்கு நடந்து ஐவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டின் பின்னர், 2005ஆம் ஆண்டளவில் அனைவரும் விடுதலையாகினர். நான் அப்போது சிறுவன். கடைக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்ததும், தோட்டத்திலிருந்து வழக்கமாக வரும் வாடிக்கையாளர்கள் பல நாட்கள் வராததும், வீட்டில் பெரியவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஆயுதத்தை விட்டு வந்தவனைக் கொன்றால், காட்டில் எஞ்சியிருப்பவனுக்கு நாம் அனுப்பும் செய்தி என்ன? திரும்பி வராதே என்பதன்றோ! 2009க்குப் பின்னர் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு பெற்று வீடு திரும்பினர். அவர்களுள் பலர் இன்றும் சந்தேகப் பார்வையைச் சுமந்தே வாழ்கின்றனர். நம் சமூகத்திலும் 2019இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி, குற்றமற்றவர்களாக விடுவிக்கப்பட்டவர்கள் உள்ளனர். அவர்களது திருமணப் பேச்சு முறிகிறது; வேலை கிடைப்பதில்லை. பள்ளிவாசலில் ஸலாம் சொல்லத் தயங்குவோரும் உண்டு. கவாரிஜ்களுக்கே பள்ளிவாசலை மூடாத அலீ (ரழி) அவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். நிரபராதிக்கு நம் உள்ளத்தை மூடுவது எந்த நியாயம்?

இன்று வீடு திரும்பியதும்

அன்பின் பெற்றோர்களே! பிள்ளை ஒரு கடினமான கேள்வியைக் கேட்டால் வாயை மூடாதீர்கள். இவை தவிர வேறு உண்டா என்று இப்னு அப்பாஸ் (ரழி) கேட்டதைப் போல முழுவதையும் கேளுங்கள். விடை தெரியாவிட்டால், தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று கூறுங்கள், அதில் இழிவில்லை. பிள்ளை தாயைக் காஃபிர் என்றும், பக்கத்து வீட்டுப் பௌத்தரையும் இந்துவையும் கிறிஸ்தவரையும் வாழத் தகாதவர் என்றும் பேசத் தொடங்கினால் அதனை வயதின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே ஆலிம் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறரைக் கொல்லும் திட்டம் இருப்பதாக அறிந்தால், மகனாயினும் உரியவர்களிடம் அறிவியுங்கள். அநியாயம் செய்பவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

அன்பின் இளைஞர்களே! பாலஸ்தீனத்திலும் பிற நாடுகளிலும் முஸ்லிம்களுக்கு நடக்கும் அநியாயத்தைக் கண்டு நெஞ்சு கொதிப்பது ஈமானின் அடையாளமே. ஆனால், உங்களைப் போருக்கு அழைப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எது கிடைத்தால் இப்போரை நிறுத்துவீர்கள்? விடை சொல்லத் தெரியாதவர் உங்களை மக்காவுக்கு அழைத்துச் செல்பவரல்லர். மராவிக்கு அழைத்துச் செல்பவரே.

ஆலிம்களான எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. மிம்பரில் பேசுவது எளிது. இளைஞனின் அருகில் அமர்ந்து கேட்பது கடினம். அந்தக் கடினமான பணியை நாங்கள் செய்யத் தவறினால் நீங்கள் எங்களிடம் உரிமையோடு கேட்கலாம்.

பள்ளிவாசல் படியில் கேள்வி கேட்ட அந்த மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: பேசலாம் மகன். சிலரோடு பேசி நாட்டின் போரை நிறுத்தலாம். சிலரோடு பேசியும் பயனிராது. அவர்களிடமிருந்து மக்களைக் காக்கச் சட்டம் வேண்டும். ஆனால், அவர்கள் பக்கம் இன்னும் போய்ச் சேராதவனோடு பேசாமல் இருப்பதற்கு நம் எவருக்கும் அனுமதியில்லை. தந்தை அப்போது மகனின் கையை விட்டிருந்தார். இருவரையும் வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின்னர் வரச் சொன்னேன். வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை இரத்தம் சிந்துவதை விட்டும், இரத்தம் சிந்துவோரை விட்டும் பாதுகாப்பாயாக! வழிதவறியவர்களுக்குத் திரும்பும் வழியைக் காட்டுவாயாக! உயிர்த்த ஞாயிறன்று உறவுகளை இழந்தவர்களின் உள்ளங்களுக்கு ஆறுதலையும், உண்மையையும், நீதியையும் வழங்குவாயாக! இந்த மலையகத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் அனைவரும் அச்சமின்றி வாழ அருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.